சிறுவாடும் கைச்செலவும்

நற்றிணையின் 110ஆம் பாடலை 17 ஆண்டுகளாக வகுப்பில் நடத்திக்கொண்டிருக்கிறேன். போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, சிறு கோலை ஓங்கி மிரட்டியபடி நரைத்த தலைச் செவிலியர் பின்னால் வருகிறார்கள். சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி அவர்களை மூச்சு வாங்க வைக்கிறாள் ஒரு செல்லப் பெண். அதே பெண் இன்று கணவன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடும்பம் வறுமைப்பட்டுவிட்டது. தகப்பன் வீட்டில் சோறு செழித்துக் கிடக்கிறது, அதை அவள் நினைத்தும் பார்ப்பதில்லை. ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று வியக்கிறது பாடல்.

இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கே தொண்டை கட்டிக்கொள்ளும். தேர்வுக்குத் தவறாமல் வரும் பாட்டு. தலைவியின் மாண்பு என்று தலைப்பிட்டு மாணவிகள் இரண்டு பக்கம் எழுதுவார்கள், நானும் தாராளமாக மதிப்பெண் போடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள். அதிகம் பேசாத பெண்.

“அம்மா, அந்தப் பொண்ணு கையில ஏதாச்சும் காசு இருந்துச்சா?”

வகுப்பு சிரித்தது. “சங்க காலத்துல ஏதுடி பாக்கெட் மணி?” என்றாள் ஒருத்தி. நான் பண்டமாற்று, காணம், தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் என்று ஐந்து நிமிடம் பேசித் தப்பித்துக்கொண்டேன். அவள் கேட்டது நாணயவியல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கலாமா, எந்த வயதில், எவ்வளவு, பணத்தின் அருமையை எப்படிப் புரியவைப்பது என்று பெண்கள் பத்திரிகைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுதுகின்றன. மூன்று டப்பா வையுங்கள், ஒன்று சேமிக்க, ஒன்று செலவழிக்க, ஒன்று பிறருக்குக் கொடுக்க என்பார்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அவற்றில் வரும் ‘பிள்ளை’ ஆணுமில்லை, பெண்ணுமில்லை. நம் வீடுகளில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

‘அருமை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரிதாக இருப்பதும், அடைவதற்குக் கடினமாக இருப்பதும் அருமை. பணத்தின் அருமை தெரிய வேண்டும் என்று நாம் சொல்லும்போது, பணம் எளிதில் கிடைக்காது, தொடாதே, எண்ணிப் பார், எடுத்து வை என்றுதான் சொல்கிறோம். பணத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘புழக்கம்’. கையில் வந்து, கையை விட்டுப் போய், மீண்டும் வருவது. எந்தப் பொருளையும் புழங்கினால்தான் அது பழகும். நம் வீடுகள் ஆண்பிள்ளைக்குப் பணப்புழக்கத்தையும் பெண்பிள்ளைக்குப் பணத்தின் அருமையையும் கற்றுக்கொடுத்தன என்பது என் வாதம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் வளர்ந்தது அருப்புக்கோட்டையில். தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். பள்ளி விட்டு வந்ததும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தார் சுற்றுவோம். ராட்டையைச் சுற்றிச் சுற்றி வலது தோள் கடுக்கும். அதற்குக் கூலி உண்டு. வாரக் கடைசியில் அதை அம்மா வாங்கிக்கொள்வாள். அண்ணன் தார் சுற்றமாட்டான், அது பொம்பளைப் பிள்ளை வேலை. அவனுக்குத் தினமும் நாலணா கிடைக்கும். “ஆம்பளப் பிள்ளை நாலு பேரோட போறவன், கையில துட்டு இல்லாம நிக்கப்படாது” என்பாள் அப்பத்தா. சம்பாதித்தவளுக்குக் காசு இல்லை, காசு கிடைத்தவன் சம்பாதிக்கவில்லை என்பது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் உண்டியல் இருந்ததே.

திருவிழாக் கடையில் வாங்கிய மண் உண்டியல். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் போகும்போது கையில் வைத்து அழுத்திவிட்டுப் போகும் காசு நேராக அதற்குள் போகும். அதற்குப் போடும் வாய் மட்டும்தான் உண்டு, எடுக்கும் வாய் கிடையாது. எடுக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். உடைக்கும் நாளை நான் முடிவு செய்யவில்லை. அண்ணனின் பழைய சைக்கிளுக்கு டயரும் டியூபும் மாற்ற வேண்டி வந்தபோது அப்பா அதை உடைத்தார். 37 ரூபாய் சொச்சம் இருந்தது. “கைமாத்தா எடுத்துக்கிறேன் தாயி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர், ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்திருக்காது. மறந்துவிட்டார், அவ்வளவுதான். அம்மா எனக்குப் புது உண்டியல் வாங்கித் தந்தாள்.

அந்த ஆண்டு அக்டோபர் 30, சிக்கன நாளுக்குப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு சிறுசேமிப்பின் அவசியம். எனக்கு முதல் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டம்ளர். அண்ணன்தான் அதில் காபி குடித்தான்.

அண்ணன் தன் காசை என்ன செய்தான்? தேன்மிட்டாய், பால் ஐஸ், கோலிக்குண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் லாட்டரிச் சீட்டு. ஒருமுறை பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து விட்டுவிட்டு வந்து அடி வாங்கினான். மறுநாள் காலை அவனுக்கு மீண்டும் காசு கிடைத்தது. லாட்டரியில் யாருக்கும் விழாது என்பதை 13 வயதில், சில ரூபாய் செலவில் அவன் தெரிந்துகொண்டான். கடன் கொடுத்தால் எந்த நண்பன் திருப்பித் தருவான், எவன் தரமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் அந்தப் பாடத்தைப் படித்தது 33 வயதில். முனைவர் பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது உறவுக்காரர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மறுக்கத் தெரியவில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட வெட்கமாக இருந்தது. தொல்காப்பிய நூற்பாவுக்கு மூன்று உரைகளை ஒப்பிட்டு வரி வரியாகப் படித்தவள்தான் நான். நான்கு ஆண்டுகள் என் சம்பளத்திலிருந்து அந்தக் கடன் கழிந்தது. அதற்கு முன்பும் பெரிய வித்தியாசமில்லை. வேலையில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகள் என் ஏடிஎம் அட்டை என்னிடம் இருந்ததில்லை. யாரும் பிடுங்கவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பணம் என்றால் ஓரிடத்தில் போட்டுவிட வேண்டியது, எடுப்பது வேறு யாரோ என்று அந்த மண் உண்டியல் கற்றுக்கொடுத்திருந்தது.

பெண்களுக்குப் பணமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. சிறுவாடு என்ற சொல் இருக்கும்வரை அப்படிச் சொல்ல முடியாது. பருப்பு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் மடித்து வைத்த சேலையின் உள்மடிப்பிலும் அம்மாக்கள் ஒளித்து வைத்த பணம் அது. காய்கறிக் கணக்கில் இரண்டு ரூபாய், பால் கணக்கில் ஒரு ரூபாய் என்று தன் வீட்டிலேயே திருடிச் சேர்த்தது. வட்டிக்கு விடும் அளவுக்கு வளர்த்த பெண்கள் உண்டு. மகளின் முதல் பிரசவச் செலவை, மகனின் கல்லூரிக் கட்டணத்தைச் சிறுவாட்டில் கட்டிய பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதை ஒரு வீரமாகப் பாடுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. நானே ஒரு கவிதையில் அப்படிப் பாடியவள்தான். ஒளித்து வைத்தால்தான் தனதாக இருக்கும் என்ற நிலையை அழகாக்கிக் காட்டிவிட்டேனோ என்று பிறகு தோன்றியது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஊரிலிருந்து மறுநாள் காலை அம்மா தொலைபேசியில் அழைத்தாள். குரலே இல்லை. பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி 23 ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வைத்திருந்தாள். 11,500 ரூபாய். அதை மாற்ற அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். பணம் மாறிவிட்டது, ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. ஆனால் 40 ஆண்டு தாம்பத்தியத்துக்குப் பிறகு அப்பா, “எனக்குத் தெரியாம எத்தனை வருசமாடி?” என்று கேட்டார். திருடி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அதன் பிறகு அவள் சிறுவாடு சேர்க்கவில்லை.

விவியானா செலிசர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பணத்தின் சமூக அர்த்தம் பற்றி 1994இல் எழுதிய நூலைப் படித்தபோது அம்மாவின் ரவிக்கைத் துணி நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் அமெரிக்க இல்லத்தரசிகள் கணவன் தூங்கும்போது கால்சட்டைப் பையைத் துழாவியதையும், அது நீதிமன்றம் வரை போனதையும் அவர் எழுதுகிறார். வீட்டுக்குள் வந்ததும் பணம் ஒரே பணமாக இருப்பதில்லை. கணவன் கொடுத்தால் அது பரிசா, உரிமையா, பிச்சையா என்று பெயர் மாறுகிறது. அதற்கு முன் 1985இல் வந்த அவருடைய இன்னொரு நூல், பிள்ளைகள் வேலைக்குப் போவது நின்ற காலத்தில்தான் அவர்களுக்குக் கைச்செலவுப் பணம் என்ற ஏற்பாடு அங்கே பரவியதைக் காட்டுகிறது. சம்பாதிக்காத பிள்ளைக்குச் செலவழிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை வந்தது. நம் ஊரில் இரண்டு காலங்களும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த பாயில் படுத்திருந்தன. அண்ணன் புதிய காலத்தின் பிள்ளை, நான் பழைய காலத்தின் கூலி.

எங்கே கற்றாள் என்ற நற்றிணையின் வியப்புக்கு இப்போது வருகிறேன். அவள் எங்கும் போய்க் கற்றிருக்க வேண்டியதில்லை. பொருள் தேடுவது ஆணின் வினை, பொருள்வயிற் பிரிவு என்று அதற்கு ஒரு துறையே உண்டு. பெண் இருந்த இடத்தில் ஆற்றியிருப்பாள். திருக்குறளில் பொருள் செயல்வகை 76ஆம் அதிகாரம், பொருட்பாலில் இருக்கிறது. மனைவி கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ வேண்டும் என்பதோ 6ஆம் அதிகாரத்தின் முதல் குறளிலேயே, அறத்துப்பாலில் வந்துவிடுகிறது. ஆணுக்குப் பணம் பொருள், பெண்ணுக்கு அது அறம். அறம் என்று ஆகிவிட்டால் அதில் பிழை செய்து கற்றுக்கொள்ள முடியாது. பிழை செய்தால் குற்றம்.

ஆனால் சங்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு பெண்தான் என்று நினைப்பதும் நம் பாடத்திட்டம் செய்த வேலை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்று, கிடைத்த தானியத்தில் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய் விற்கும்போது விலையாகப் பொன்னை நீட்டினால் வாங்கமாட்டாள். எருமையும் நல்ல பசுவும் கிடாரியும் வாங்கிக்கொள்வாள். இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தங்கம் பால் கறக்காது, கன்று போடாது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அவளை யாரும் எங்கே கற்றாள் என்று வியக்கவில்லை. தெருவில் இறங்கி விற்றவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அவளுடைய மாண்பை எழுதச் சொல்லி எந்த வினாத்தாளிலும் நான் கேள்வி கேட்டதில்லை. குறித்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மகனுக்கு 16 வயது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தேன். மகளுக்கு 13. அவளுக்கு எது கேட்டாலும் வாங்கித் தந்தேன். கணக்குப் போட்டால் அவளுக்குத்தான் அதிகம் செலவாகியிருக்கும், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள், “அவனுக்குக் காசு தர்றீங்கம்மா. எனக்குப் பொருள்தான் தர்றீங்க.”

தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கித் தருவதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு முனைவருக்கு ஏழாம் வகுப்புப் பெண் சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் முதல் அவளுக்கும் 500. முதல் மாதம் ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டாள். ஒட்டுப்படங்கள், ஒரு நகப்பூச்சு, இரண்டே நாளில் செத்துப்போன ஒரு இயர்போன். என் நாக்கு துடித்தது. மகன் அவனுடைய பணத்தை முதன்முதலில் வீணாக்கியபோது நான் சிரித்தது நினைவுக்கு வந்ததால் அடக்கிக்கொண்டேன். பெண் குழந்தை காசை வீணாக்கும்போது நமக்கு ஏற்படும் பதற்றம் காசைப் பற்றியது இல்லை. நாளைக்கு இவள் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்ற பதற்றம் அது. ஒரு பிளாஸ்டிக் இயர்போனுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாமியார் வந்து நின்றுவிடுகிறார்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். மகன் தன் பணத்தைத் தெருமுனையில் செலவழிப்பான். மகள் இணையத்தில் வாங்கித் தரச் சொல்லி என்னிடமே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பாள். கடைக்குத் தனியாக அனுப்பாத பெண்ணுக்குப் பணம் கொடுத்தால் அது வெறும் தாள். பணத்துக்குத் தெரு வேண்டும். திறன்பேசி வழியாகவே பணம் அனுப்பும் காலம் வந்து இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு செலவும் நேரத்தோடும் கடைப் பெயரோடும் பதிவாகிறது. வீட்டில் பெண்ணின் போனைத்தான் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். யுபிஐயில் பருப்பு டப்பா இல்லை.

பாக்கெட் மணி என்பதே நடுத்தர வர்க்கத்தின் சொல் என்று ஒரு தோழி சொன்னாள். உண்மைதான். என் மாணவிகளில் பலர் விடியலில் பூப்பறித்துவிட்டு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். அவர்கள் கைச்செலவுக்கு வாங்குவதில்லை, வீட்டுச்செலவுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தன் பெயரில் முதன்முதலாக மாதாமாதம் வந்த பணம் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் வங்கிக் கணக்கில் நேரடியாக வருவது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதற்கு முன் அதே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம், தாலிக்குத் தங்கம். தங்கத்தை நிறுத்திவிட்டுப் பணமாக, அதுவும் படிக்கும் பெண்ணின் கணக்கில் போட்டது எனக்குப் பிடித்த மாற்றம். தேவதாசி முறைக்கு எதிராக 1936இல் நாவல் எழுதிய அம்மையார் பெயரில் தாலி கொடுத்ததைவிட இது பொருத்தம். ஆய்மகளும் ஒப்புக்கொள்வாள்.

ஆனால் திட்டம் கணக்குவரைதான் வருகிறது. அட்டை யார் கையில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. எங்கள் கல்லூரியில் நடந்த கூட்டம் ஒன்றில் மேடையில் இருந்தவர் இந்தப் பணத்தை லிப்ஸ்டிக் வாங்கி வீணாக்காதீர்கள், பயனுள்ள முறையில் செலவிடுங்கள் என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம். பிறகு வகுப்பில், பெயர் எழுதாமல் ஒரு தாளில் அந்த 1,000 ரூபாய் எங்கே போகிறது என்று எழுதித் தரச் சொன்னேன். குழுக் கடன் தவணை, தம்பியின் டியூஷன், அப்பாவின் மாத்திரை, அம்மாவுக்கு ஒரு குக்கர். லிப்ஸ்டிக் ஒரு தாளிலும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வர்ஜீனியா வுல்ஃப் நூலை நடத்தும்போது மாணவிகள் அறையை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், ஆண்டுக்கு 500 பவுனை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை எழுதிவைத்தது என்று வுல்ஃப் எழுதுகிறார். நம் பிள்ளைகளுக்கு அப்படி அத்தைகள் வாய்ப்பதில்லை. அத்தைகளின் கையிலும் ஒன்றும் இருந்ததில்லையே.

நற்றிணை வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் அட்டை அவள் அண்ணனிடம் இருந்தது. அவன் எடுத்து, வேண்டியபோது கொஞ்சம் கொடுப்பான். “பஸ்ஸுக்குத்தான் காசு வேண்டாமே, வேற என்ன செலவு உனக்கு” என்பானாம். கட்டணமில்லாப் பேருந்து இப்படியும் பயன்பட்டிருக்கிறது. பல மாதங்கள் கழித்து, மூன்றாம் ஆண்டில், என் அறைக்கு வந்து நின்றாள்.

“அம்மா, பேங்க்ல கார்டு தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். புதுசு தந்துட்டாங்க.”

“அண்ணன் கேக்கலையா?”

“பழசு வேலை செய்யலைன்னு கேட்டான். புதுக் கார்டு இன்னும் வரலைன்னு சொல்லியிருக்கேன்.”

கண்டிக்க வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன். அம்மாவின் ரவிக்கைத் துணி கண்முன் வந்து போனது. கேட்காமலே தொடர்ந்தாள். தோழியோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலுக்குப் போனார்களாம். வீட்டு ஆண்கள் இல்லாமல் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. ஆளுக்கு இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பில்லை அவள் கொடுத்தாள். சப்ளையருக்கு 10 ரூபாய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அது வீண்செலவாம்மா?”

“பரோட்டா நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“சால்னாதான் ரொம்பக் காரம். அடுத்த தடவ வேற கடைக்குப் போகணும்” என்றாள்.